அட்மிரல் ஸ்ரூடியோவும் மரண சகாய சங்கமும்

பிரிட்டிஷ் கடற்படை திருகோணமலையை விட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்த அதே பருவத்தில், அந்தக் கடற்படையை நம்பி அங்கே ஒரு போட்டோக் கடை திறந்தவன் நான். இதே காரியத்தைச் செய்த வேறு யாராவது இருந்தால் பத்திரிகை முகவரிக்கு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவு காலமும் தனியாகவே இருந்துவிட்டேன்.

செய்தி தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. பேப்பரில் வந்தது, வாசித்தேன். ஆனால் வெள்ளைக்காரன் போகிறேன் என்று சொன்னால் போகமாட்டான் என்று நம்பும் அளவுக்கு நான் சரித்திரம் படித்திருந்தேன். சரித்திரம் படிக்காத ஊர்ச்சனம் முழுவதும் அவன் போகிறான் என்றே நம்பியது.

கடை திறந்த முதல் கிழமை கூட்டம் தாங்கவில்லை. வெள்ளைச் சட்டையும் நீலக் கழுத்துப் பட்டியுமாக நேவிப் பையன்கள் வரிசையில் நின்று படம் எடுத்தார்கள். தோளில் தோள் போட்டு எடுத்தார்கள். இரண்டு பேர் அழுதுகொண்டே எடுத்தார்கள். அவை பிரியாவிடைப் படங்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வியாபாரம் வளர்கிறது என்று எடுத்துக்கொண்டு இன்னும் பெரிய போர்டுக்குச் சொல்லிவிட்டேன்.

போர்டு வந்த நாளில் வாசலில் நின்று ஜெட்டிப் பக்கம் பார்த்தேன். தார் மணக்கிற காற்று. நேவிக்காரர்கள் இரும்புப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு சாரை சாரையாக நடந்தார்கள்.

"எத்தனை பேர் வந்து இறங்குகிறார்கள், பாருங்கோ நானா" என்றேன்.

பக்கத்துக் கடை லத்தீப் நானா தையல்காரர். நேவிக்குக் காற்சட்டை தைத்துக் கிண்ணியாவில் கல்வீடு கட்டியவர். வாயில் இருந்த ஊசியை எடுத்தார்.

"அவங்க வரல்ல தம்பி. போறாங்க. பெட்டி எந்தப் பக்கம் போகுதெண்டு பாருங்க."

பார்த்தேன். பெட்டிகள் கடல் பக்கம்தான் போயின.

அம்மி கொத்துகிற இடம்

கடைக்கு நான் வைத்த பெயர் அட்மிரல் ஸ்ரூடியோ. போர்டில் ஆங்கிலம் மட்டும்தான். கடற்படை போன பிறகு அந்தப் பெயரை வாசிக்க அந்தத் தெருவில் மிஞ்சியவன் நான் ஒருவனே. மற்றவர்கள் காதால் கேட்டதை வைத்துச் சமாளித்தார்கள்; அட்மிரல் அவர்கள் வாயில் அம்மிக்கல் ஆனது. ஒருநாள் ஒரு அம்மா இரண்டு பேரைக் கொண்டு ஒரு கல்லைத் தூக்கிவந்து வாசலில் போட்டார்.

"அம்மி கொத்துறது இஞ்சைதானே?"

படம் எடுக்கிற இடம் என்று விளக்கினேன். அம்மியோடு வேண்டுமென்றால் ஒரு படம் எடுக்கலாம் என்றும் சொன்னேன். அவர் கல்லைத் தூக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மாதம் வாசலேறி வந்த ஒரே ஊர்ஆள் அவர்தான்.

இதற்காக நான் துறைமுகக் களஞ்சியத்தில் இருந்த எழுதுவினைஞர் வேலையை விட்டிருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். சொல்லாமல் விடத்தான் நினைத்தேன். மனைவி நாகேஸ் இந்தத் தொடரை வாசிக்கிறாள்.

மாமாவின் வாடி

நாகேஸின் தகப்பனார் கருவாட்டு முதலாளி. குச்சவெளிக் கரையில் அவருக்கு ஒரு வாடி இருந்தது. வாடி என்றால் கிடுகுக் கொட்டில், உப்புத் தொட்டி, மணலில் விரித்த பாய், பாய் நிறைய மீன், மீன் நிறைய மொய்க்கிற இலையான். அதை நடத்த நம்பிக்கையான ஓர் ஆள் அவருக்கு வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த மருமகன், வேலையும் இல்லாதவன் என்றால் அவர் வேறெங்கே தேடுவார்?

ஒருநாள் கடைக்கு வந்தார். வெறுங் கதிரையைப் பார்த்தார், கமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலை உயர்த்துகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"தம்பி, சித்திரை வருஷம் பிறக்குமட்டும் பாருங்கோ. சரிவராட்டி நான் லொறியோட வாறன். வாடியில உங்களுக்கு ஒரு கொட்டில் போட்டுத் தாறன்."

என் சகலன் அந்த வாடியில் ஒரு வருஷம் இருந்து தப்பிவந்தவர். இன்றைக்கும் அவர் எங்கள் வீட்டுக்கு வருவது தெருமுனையில் அவர் திரும்பும்போதே எங்களுக்குத் தெரியும். பூனைகளுக்கு இன்னும் முன்னமே தெரியும்.

அன்று இரவு சாப்பாட்டில் நாகேஸிடம் இதைச் சொன்னேன். அவள் சூடைக் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "இஞ்சேருங்கோ, எனக்குக் கருவாடெண்டால் விருப்பம். அது சட்டிக்குள்ள இருக்கவேணும். பக்கத்தில படுக்கக் கூடாது."

ஆகவே சித்திரைக்குள் கடைக்கு ஊர்ச்சனம் வந்தாக வேண்டும். அல்லது என் மிச்ச வாழ்க்கை உப்பில் ஊறவேண்டும்.

சங்கம் பிறந்தது

வழி சொன்னவர் லத்தீப் நானாதான். நேவிக் காற்சட்டையை மறந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காற்சட்டைக்கு அவர் அதற்குள் மாறியிருந்தார்.

"துரைமாரை விடுங்க தம்பி. ஊர்ச்சனத்தைக் கடைக்குள்ள கூப்பிடுங்க. படம் எடுக்கச் சொல்லாதீங்க. சும்மா வந்து இருந்து கதைச்சிட்டுப் போகட்டும். நாலு தரம் வந்து இருந்தவன் அஞ்சாம் தரம் வெட்கத்துக்காவது ஒரு படம் எடுப்பான்."

வெளிநாடுகளில் கமராப் பிரியர்கள் கழகம் வைத்திருப்பதாக நான் வாசித்தும் இருந்தேன். வாசித்தது என்றாலே எனக்கு நம்பிக்கை வந்துவிடும். 'படக்கலை அன்பர் சங்கம்' பிறந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கூட்டம். பிளேன்ரீயும் வடையும் சங்கத்தின் செலவு. சங்கம் என்பது அப்போது நான் மட்டும்.

வடையின் செய்தி பரவியது. துறைமுகத் தொழிலாளர், பக்கத்துச் சல்லிக் கிராமத்து மீன்பிடிகாரர், இரண்டு வாத்திமார், ஒரு தபால்காரர் எல்லோரும் வந்தார்கள். நான் ஒளியும் நிழலும் பற்றிப் பேசினேன். நெகற்றிவ்வில் இடம் வலமாகும், வலம் இடமாகும், கறுப்பு வெள்ளையாகும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இவ்வளவு ரசனையுள்ள ஊரை இத்தனை காலம் தவறாக எண்ணிவிட்டேனே என்று மனம் உருகியது.

பேச்சு முடிந்ததும் கடைசி வாங்கிலிருந்து தங்கராசா அண்ணை எழும்பினார். துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டி இளைப்பாறியவர். ஊரில் எந்தச் சங்கம் தொடங்கினாலும் தலைவராகிவிடுவார்.

"தம்பி, நல்ல பேச்சு. ஒரு கேள்வி. சங்கத்தில ஒரு ஆள் செத்தால் சங்கம் என்ன செய்யும்?"

யோசித்தேன். "படம் எடுக்கும்" என்றேன்.

"அது காணாது. பெட்டிக்கு ஆர் பொறுப்பு? பந்தலுக்கு ஆர்? வாற சனம் எதில இருக்கிறது?"

கூட்டம் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஒரு சிறு விலகல்

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். எங்கள் பகுதியில் எந்தச் சங்கமும் என்றைக்கோ ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேரும். கரப்பந்துக் கழகம் தொடங்கினார்கள். பந்து வெடித்தது, கழகத்தின் கதிரைகள் மட்டும் செத்தவீடு செத்தவீடாகப் போய்வந்தன. கிளிவெட்டியில் ஒரு நாடக மன்றம் ஒரேயொரு நாடகம் போட்டது. அதன் பெற்றோல்மாக்ஸ் விளக்கு அதற்குப் பிறகு நூறு பேரைச் சுடலைக்கு வழியனுப்பியிருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை தங்கராசா அண்ணை யாப்பு எழுதிக்கொண்டு வந்தார். யாப்பு என்றால் வெண்பா, அகவல் என்று படித்தவன் நான். சங்கத்து யாப்பு வேறு, அது சட்டதிட்டம். அதில் தளை தட்டாது, பந்தி பந்தியாக ஆள்தான் சாகும். முதலாம் பந்தி அங்கத்தவர் இறந்தால், இரண்டாம் பந்தி அங்கத்தவரின் மனைவி இறந்தால், மூன்றாம் பந்தி மாமன் மாமி இறந்தால். படக்கலை பற்றிய பந்தி கடைசியில் இருந்தது. நேரம் போய்விட்டதால் அதை வாசிக்கவில்லை.

தங்கராசா அண்ணை தலைவரானார். என்னைக் களஞ்சியப் பொறுப்பாளராக்கினார்கள். விட்டுவந்த அதே வேலை.

ஏரியில் இரண்டு அன்னங்கள்

மரண சகாய சங்கமாக மாறிய பிறகு சங்கம் செழித்தது. என் ஸ்ரூடியோவில் மடக்குக் கதிரைகள், கிடாரம், வெள்ளைத்துணிக் கட்டுகள், பெற்றோல்மாக்ஸ் எல்லாம் வந்து குவிந்தன. கமரா ஒரு மூலைக்குப் போனது. ஊர்ச்சனம் எந்நேரமும் வந்து போனது. லத்தீப் நானா சொன்னபடியே நாலு தரம் வந்தார்கள், ஐந்தாம் தரமும் வந்தார்கள். ஒவ்வொரு தரமும் கதிரை கேட்டார்கள்.

முதல் செத்தவீட்டில் வெயில் கொளுத்தியது. மறைப்புக்குத் துணி போதவில்லை. யாரோ ஓடிப்போய் என் ஸ்ரூடியோவின் பின்னணித் திரையைக் கழற்றி வந்து கட்டிவிட்டார்கள். பனிமலை, நீல ஏரி, ஏரியில் இரண்டு அன்னங்கள். பெட்டியைச் சுற்றி உறவுக்காரரை நிறுத்திப் படம் எடுத்தேன். பிரேதத்தின் தலைமாட்டில் அன்னங்கள் நீந்தின. படம் நன்றாக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அன்னம் இல்லாமல் ஊரில் ஒருவரும் புறப்படச் சம்மதிக்கவில்லை.

இதன் பலன் என்னவென்றால், தோளில் கமராவோடு நான் தெருவில் நடந்தால் படலையில் நிற்பவர்கள் மெல்லக் கேட்பார்கள்: "ஆர்?"

நிலாவெளியில் ஒரு பெரியவர் காய்ச்சலில் படுத்திருந்தார். மரியாதைக்காகப் பார்க்கப் போனேன். கடற்கரையில் ஒரு படம் எடுக்கலாமென்று கமராவையும் கொண்டு போனதுதான் பிழை. வாசலில் என்னைக் கண்ட மகள் ஐயோ என்று அழத் தொடங்கினாள். உள்ளே சத்தம் கேட்டது. இரண்டு நாளாக எழும்பாத பெரியவர் கட்டிலில் எழும்பி இருந்தார்.

"தம்பி, நான் இன்னும் இருக்கிறன். போய்ட்டு வாரும்."

அவர் பிறகு நெடுங்காலம் இருந்தார். நான்தான் எழுப்பிவிட்டேன் என்று யாரும் சொல்லவில்லை.

கலியாணப் படம் ஒன்று கிடைத்தால் பெயர் மாறும் என்று ஒரு பெண்வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் பண்பான மனிதர்.

"தம்பி, உங்களில ஒரு குறையுமில்லை. கமராவிலதான். அது எத்தினை பேரை அனுப்பிவிட்டிட்டுது!"

மாசி பிறந்தது. மாமா குச்சவெளியில் கொட்டிலுக்குக் கிடுகு கட்டுவதாகப் பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார்.

மூன்றாவது தலை

அந்த நேரத்தில்தான் கணபதிப்பிள்ளையண்ணை காலமானார். அவரும் விஞ்சுக்காரர், தங்கராசா அண்ணையின் கூட்டாளி. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு மாலை போட வீட்டில் ஒரு படமும் இல்லை. எடுத்தது எல்லாம் பெட்டிக்குள் இருக்கும் படம். மகன் தேடிப்பிடித்து ஒரு பழைய கூட்டப்படம் கொண்டுவந்தான். துறைமுகத் தொழிலாளர் ஒரு வரிசை, எல்லோர் தலையிலும் ஒரே தொப்பி, ஒவ்வொரு தலையும் பயற்றங்கொட்டை அளவு.

"இடப்பக்கத்தில இருந்து மூண்டாவது அப்பா. பெரிசாக்க ஏலுமே அண்ணை?"

ஏலும் என்றேன். படத்தைப் படம் பிடித்து, அந்த நெகற்றிவ்வை எடுத்து இடப்பக்கத்திலிருந்து எண்ணினேன். நெகற்றிவ்வில் இடம் வலமாகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான்தான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தேன். எண்ணும்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

பெரிதாக்கிய படம், முகம் என்று நம்பினால் முகம் போல இருந்தது. கண்ணாடி போட்டு, காகிதத்தில் சுற்றி, முப்பத்தொன்று அன்று காலையில் கொடுத்தேன். மகன் உயரத்தில் மாட்டி, தடித்த மாலையாகப் போட்டான். கீழே படையல். தங்கராசா அண்ணை தலைவர் என்றபடியால் நேர் முன்னால் பாயில் இருந்தார்.

கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த என்னிடம் குனிந்து, "எங்கேயோ நல்லாப் பழகின முகம்" என்றார்.

"ஓம் அண்ணை, கூட்டாளியெல்லோ" என்றேன்.

அப்போது கணபதிப்பிள்ளையண்ணையின் மனைவி கர்ப்பூரத் தட்டோடு குசினிக்குள்ளிருந்து வந்தார். படத்தைப் பார்த்தார். கீழே பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"எட மேனே, இது தங்கராசா அண்ணையெல்லே!"

சபையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் இரண்டு பேருக்குப் புரை ஏறியது. தங்கராசா அண்ணை எழும்பிப் போய்ப் படத்தை நெருக்கமாகப் பார்த்தார். மாலையைச் சற்று விலக்கியும் பார்த்தார். கர்ப்பூரம் அவர் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது.

நான் மனதுக்குள் குச்சவெளிக்குச் சாமான் கட்டத் தொடங்கினேன்.

உயிரோடு இருக்கும்போதே

அடுத்த நாள் காலை கடை திறக்கும்போது தங்கராசா அண்ணை வாசலில் நின்றார். முழுகி, திருநீறு பூசி, சால்வை போட்டிருந்தார். அடிக்க வருபவர் முழுகிவிட்டு வரமாட்டார் என்பது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"தம்பி, ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. எனக்கு மாலை போட்டதைப்பற்றி இல்லை. அதில நான் இருந்த வடிவைப்பற்றி. பூதம் மாதிரி இருந்தனான். நாளைக்கு உண்மையிலேயே செத்தாலும் அதைத்தானே மாட்டுவாங்கள்! இப்பவே நல்லதாய் ஒண்டு எடும். நான் பார்த்துச் சரியெண்டு சொல்லுறதை எடும்."

எடுத்தேன். பார்த்தார், சரி என்றார். அந்த வெள்ளிக்கிழமை யாப்பில் புதுப் பந்தி ஏறியது. அங்கத்தவர் ஒவ்வொருவரும் உயிரோடு இருக்கும்போதே தமக்குப் பிடித்த ஒரு படத்தை எடுத்துச் சங்கத்தில் வைக்கவேண்டும். அங்கத்தவரின் மனைவியும். மாமன் மாமியும்.

சனிக்கிழமை வரிசை லத்தீப் நானாவின் கடையையும் தாண்டி நின்றது.

சல்லி மீன்பிடிகாரர்கள் கோட்டுப் போட்டு எடுக்கவேண்டும் என்றார்கள். கோட்டு ஒருவரிடமும் இல்லை. லத்தீப் நானா ஒன்று தைத்துத் தந்தார். முன்பக்கம் மட்டும் கோட்டு, முதுகுப் பக்கம் திறந்து நாடாவால் கட்டுவது. மெலிந்தவருக்கும் கட்டலாம், தடித்தவருக்கும் கட்டலாம்.

"எங்கட ஆக்களுக்கு மையத்து வீட்டில படம் மாட்டுற வழக்கம் இல்ல" என்றார். "அதால உங்கட சங்கத்துல சேர ஏலாது. ஆனா கோட்டில என்ட பேரைச் சொல்லுங்க."

கூட்டம் முழுவதும் உள்ளே வந்து, தங்கள் முறை வரும்வரை சங்கத்துக் கதிரைகளில் இருந்து, கமராவுக்கு முன்னால் இருப்பவருக்குப் புத்தி சொன்னது. "நாடியைத் தூக்கு." "சாகப் போறவன் மாதிரி இருக்காதை." ஒரு பெண் சிரித்தபடி எடுக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சிரிக்கிற படத்துக்கு மாலை போட்டால் பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்று தபால்காரர் கேட்டார். "நினைக்கட்டுமே, நான்தான் இருக்கமாட்டனே" என்றார் அந்தப் பெண். அவர் சிரித்தபடியே இருக்க எடுத்தேன். நான் எடுத்தவற்றில் நல்ல படம் அது.

லொறி வந்தது

வருஷம் பிறப்பதற்கு முந்திய நாள் மாமாவின் லொறி வந்து நின்றது. அதன் மணத்துக்கு வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். மாமா இறங்கி வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார்.

"ஆர் தம்பி செத்தது?"

"ஒருத்தரும் இல்லை மாமா. எல்லாரும் படம் எடுக்க."

நம்பாமல் உள்ளே வந்து ஒரு கதிரையில் இருந்தார். ஒருவர் எழும்ப ஒருவர் இருந்ததைப் பார்த்தார். நாடா கட்டப்படுவதையும் அவிழ்க்கப்படுவதையும் பார்த்தார். கடைசியில் எழும்பி, வரிசையை மதிக்காமல், போய்க் கமராவுக்கு முன்னால் இருந்தார்.

"அந்தக் கோட்டைக் கட்டுங்கோ."

அவர் படத்துக்கு நான் பட்ட பாட்டை வேறு யாருக்கும் பட்டதில்லை. வாடி வெயில் உழுத நெற்றியை நெகற்றிவ்வில் பென்சிலால் நிரவினேன். இரட்டை நாடியை ஒற்றையாக்கினேன். மூக்குப் பக்கத்து மருவை அகற்றினேன். கண்ணுக்கு ஒரு சாந்தம் கொடுத்தேன். சட்டம் போட்டு நானே மாமா வீட்டுக்குக் கொண்டுபோய் விறாந்தையில் மாட்டினேன்.

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். முகத்தில் ஏதோ கனிந்தது.

"கெட்டித்தனம்தான் தம்பி" என்றார். "வாடிக்கு நான் வேறை ஆளைப் பாக்கிறன்."

பக்கத்தில் நின்ற நாகேஸ் என் முழங்கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். கலியாணமான பிறகு அவள் என்னை மெச்சியது அன்றுதான்.

மாமி குசினிக்குள்ளிருந்து சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தார். படத்துக்கு முன்னால் நின்று தலையை ஒருபக்கம் சாய்த்து ஆறுதலாகப் பார்த்தார்.

"நல்ல வடிவான மனுசன்" என்றார். "அப்ப எங்கட இவரின்ர படத்தை எப்ப தருவியள், தம்பி?"